வெளிநாட்டுக்கு மிஷனரியாகப் போக ஆயத்தமாகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் ஒரு நர்ஸ். குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, தான்சானியாவின் தென்பகுதி மலைநாட்டில் ஒரு மிஷன் மருத்துவமனையில் ஆறு வருடம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவள். இப்போது காட்பாடியில் இருக்கிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் யாராவது வந்து, "அக்கா, நானும் போகணும். என்ன செய்யணும்?" என்று கேட்பார்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டப் பிள்ளைகளும் கேட்டவைதான் இவை. அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதியிருக்கிறேன்.

அழைப்பு வந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? கனவோ தரிசனமோ வர வேண்டுமா?

எனக்குக் கனவு எதுவும் வரவில்லை. வந்தவர்களை நான் மறுக்கவும் இல்லை. ஆனால் அது வரும் வரை காத்திருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள்.

நம்ம ஊர்க் கதையையே பாருங்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவருக்கு மிஷனரியாகும் எண்ணமே இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதால்தான் திண்டிவனம் வந்தார். அங்கே ஒரே இரவில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியைக் காப்பாற்றக் கூப்பிட்டார்கள். ஐடாவின் அப்பா டாக்டர்தான். ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவருமே சொல்லிவிட்டார்கள். காலையில் பார்த்தால் மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். ஐடா உடனே எதையும் தொடங்கிவிடவில்லை. திரும்பிப் போய் மருத்துவம் படித்து, 1899-ல் பட்டம் வாங்கி, 1900-ல்தான் வேலூரில் வேலையைத் தொடங்கினார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு விஷயம். ஒரு தேவையைப் பார்த்த பிறகு அதை மறக்க முடியாமல் போவதும் அழைப்புதான். அந்த அழைப்புக்கு ஆயத்தமாகப் பல வருடம் ஆகலாம், அதில் தவறில்லை. உங்கள் அழைப்பைச் சோதித்துப் பார்க்க இரண்டு பேரிடம் பேசுங்கள். ஒருவர் உங்கள் ஆயர். மற்றவர் உங்கள் கோபத்தையும் சோம்பலையும் பக்கத்திலிருந்து பார்த்தவர், உங்களோடு வேலை செய்தவராக இருந்தால் நல்லது. இரண்டாமவர் சொல்வதை முதலில் கேளுங்கள்.

இங்கேயே இவ்வளவு தேவை இருக்கும்போது ஏன் வெளிநாடு?

நியாயமான கேள்வி. உங்கள் அழைப்பு இங்கேதான் என்றால் இங்கேயே இருங்கள், அது ஒரு படி குறைந்தது அல்ல. ஆனால் நம் மண் மிஷனரிகளை வரவேற்ற மண். ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்குக் கப்பலேறினார். அவருடைய மகன்கள் 1853-ல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். ராணிப்பேட்டை மருத்துவமனை 1866-ல் வந்தது. என் பாட்டி, என் அம்மா, நான் மூவரும் அந்த மரத்தின் நிழலில் வளர்ந்தவர்கள்.

வரவேற்ற ஊர்க்காரர்களுக்கு ஒரு பலம் உண்டு. எப்படிப்பட்டவர் வந்தால் ஊர் தாங்கிக்கொள்ளும், எப்படிப்பட்டவர் வந்தால் மனம் நோகும் என்பது நமக்குத் தெரியும். தமிழை ஒழுங்காகப் படித்தவர்களை இன்றும் பெயர் சொல்லி நினைக்கிறோம். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்து, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். திருப்பத்தூரில் 1921-ல் டாக்டர் சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரர் பேட்டனும் சேர்ந்து கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். அங்கே உள்ள ஆலயம் நம் கோயில்களின் திராவிடப் பாணியில் கட்டப்பட்டது. ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். நாம் போகிற ஊரில் எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்தக் கட்டடமே சொல்லும்.

நான் இறையியல் படிக்கவில்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை. நர்ஸ், லேப் டெக்னீஷியன், ஆசிரியர், கணக்கர், எலக்ட்ரீஷியன், விவசாயம் தெரிந்தவர், எல்லாருக்கும் இடம் உண்டு. நான் இருந்த மருத்துவமனையில் ஜெனரேட்டரைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவருக்காக வருடக்கணக்கில் ஜெபம் செய்தோம். ஆனால் உங்கள் தொழிலில் குறைந்தது இரண்டு மூன்று வருட அனுபவம் வேண்டும். வேதத்தை முழுவதும் ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும். சபை வேலை என்னவென்று உள்ளிருந்து தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு அமைப்பின் வழியாகத்தான் போக வேண்டுமா? தனியாகப் போகலாமா?

தனியாகப் போகாதீர்கள். அங்கே காய்ச்சலில் படுத்தால் யார் பார்ப்பது? வேலை பிடிக்காமல் போனால் யாரிடம் சொல்வது? அனுப்புகிற சபை, இடையில் ஒரு அமைப்பு, ஏற்றுக்கொள்கிற சபை, இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை வருடம், என்ன வேலை, யாருக்குக் கீழே, மாதம் எவ்வளவு, மருத்துவக் காப்பீடு உண்டா, அவசரத்துக்குத் திரும்பி வர டிக்கெட் யார் எடுப்பார்கள் என்பதையெல்லாம் ஒரு தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். விசுவாசம் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்று யோசியுங்கள்.

இன்னொன்று. "ஊழிய விசா வாங்கித் தருகிறேன், இவ்வளவு லட்சம் கொடு" என்று வருகிற ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் அம்மாவின் நகையை அடகு வைத்துக் கொடுத்தான். பணமும் போனது, பாஸ்போர்ட்டைத் திரும்பி வாங்கவே ஐந்து மாதம் ஆனது. சேவைக்கு அனுப்புகிறவர்கள் உங்களிடம் கமிஷன் கேட்க மாட்டார்கள்.

டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே ஊழியம் செய்தால் என்ன?

செய்யாதீர்கள். பொய்யில் தொடங்குகிற சாட்சி நிற்காது. மாட்டிக்கொண்டால் தண்டனை உங்களோடு முடியாது, உங்களை வீட்டில் வைத்திருந்த உள்ளூர்ச் சபைக்கும் சிக்கல்.

ஒவ்வொரு நாட்டுக்கும் இதற்கென்று தனி வழி இருக்கிறது. தான்சானியாவில் மிஷனரிகளுக்கு சி வகுப்புக் குடியிருப்பு அனுமதி. அமெரிக்காவில் ஆர்-1 விசா. அதற்கு அங்குள்ள சபை உங்களுக்காக மனு போட வேண்டும், அந்தச் சபைப் பிரிவில் நீங்கள் குறைந்தது 2 வருடம் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும், அதிகபட்சம் 5 வருடம்தான் இருக்கலாம். நேபாளம் போக நமக்கு விசா வேண்டாம் என்பதால் பலர் சுலபம் என்று நினைக்கிறார்கள். ஆனால் 2018-ல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய குற்றவியல் சட்டத்தில் ஒருவரை மதம் மாற்றுவது குற்றம். 5 ஆண்டு வரை சிறை, வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்தல். மலேசியாவில் தமிழ்ச் சபைகள் ஏராளம், தமிழ் ஆராதனை வெளிப்படையாக நடக்கிறது. ஆனால் முஸ்லிம்களிடையே வேறு மதத்தைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த அந்நாட்டு அரசியல் சட்டமே இடம் தருகிறது. போகும் முன் அந்த நாட்டின் சட்டத்தை, அங்கே வேலை செய்கிறவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

என்னென்ன ஆவணங்கள் தயாராக இருக்க வேண்டும்?

முதலில் பாஸ்போர்ட். நம் தமிழர்களுக்கு இதில் வரும் பெரிய தலைவலி இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'எஸ்.', ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, ஞானஸ்நானச் சான்றிதழில் வேறு பெயர், நர்சிங் சான்றிதழில் எழுத்து மாறி என்று இருக்கும். இங்கே யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வெளிநாட்டில் இவையெல்லாம் வேறு வேறு ஆட்கள். எனக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான்கு மாதம் போனது. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும். அதே பெயரையே மற்ற எல்லாவற்றிலும் கொண்டுவந்துவிடுங்கள். இதை இன்றைக்கே தொடங்கலாம்.

பத்தாம் வகுப்பு முடித்திருந்தால் அந்தச் சான்றிதழைச் சேர்த்து விண்ணப்பியுங்கள். அப்போது சில நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டிய வகையில் உங்கள் பாஸ்போர்ட் வராது. அப்புறம் காவல்துறை நன்னடத்தைச் சான்று. குழந்தைகள் நடுவே வேலை செய்யப் போகிறவர்களிடம் இதைக் கட்டாயம் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். படிப்புச் சான்றிதழ்களுக்கு அபோஸ்டில் முத்திரை, அதாவது அவை உண்மையானவை என்று வெளிநாடுகள் ஏற்றுக்கொள்ளும் அரசு முத்திரை, தேவைப்படலாம். அதற்கான சர்வதேச ஒப்பந்தத்தில் இந்தியா 2005-ல் சேர்ந்தது. நீங்கள் போகிற நாடு அதில் இல்லை என்றால் தூதரகத்தில் அட்டெஸ்டேஷன் வாங்க வேண்டும். நர்ஸ்களுக்கு இங்குள்ள நர்சிங் கவுன்சிலிலிருந்து பதிவுச் சரிபார்ப்புக் கடிதமும், போகிற நாட்டின் கவுன்சிலில் பதிவும் வேண்டும். அது இல்லாமல் ஒரு ஊசி கூடப் போடக்கூடாது, எவ்வளவு அவசரமாக இருந்தாலும்.

தடுப்பூசி?

கென்யா, உகாண்டா போல ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பல நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட 10-வது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அதற்கப்புறம் ஆயுள் முழுவதும் செல்லும். மஞ்சள் அட்டை என்கிற அந்தச் சான்றிதழ் இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள்.

மலேரியா மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, போவதற்கு முன்பே தொடங்க வேண்டும். திரும்பி வந்த பிறகும் எத்தனை நாள் போட வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள், கண்ணாடி போடுகிறவர்கள் இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து நான் ஸ்வெட்டர் இல்லாமல் போனேன். வேலூர் வெயிலில் வளர்ந்த உடம்பு அந்த மலையின் ஜூலைக் குளிரில் நடுங்கியது.

மொழியை இங்கேயே கற்றுக்கொண்டு போக வேண்டுமா?

அடிப்படையை இங்கேயே தொடங்குங்கள். மீதியை அங்கே, மனிதர்களிடம். ஆங்கிலத்தை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நோயாளி தன் வலியை ஆங்கிலத்தில் சொல்ல மாட்டார்.

நான் செய்த தவறைச் சொல்கிறேன். போன புதிதில் மூன்று மாதம் ஸ்வாஹிலி வகுப்பு இருந்தது. ஆறு வாரத்தில் "போதும், வார்டில் ஆள் இல்லை" என்று வேலைக்குப் போய்விட்டேன். ஒரு வயதான அம்மாவிடம் போய் நேராக நாடி பிடித்தேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த உள்ளூர் நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்: வயதில் மூத்தவரைப் பார்த்தால் முதலில் "ஷிகமூ" சொல்ல வேண்டும், அவர் "மரஹபா" என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் மற்ற பேச்சு. நம்ம ஊரில் பெரியவரிடம் ஒரு வணக்கம் கூடச் சொல்லாமல் கையைப் பிடித்தால் எப்படி இருக்கும்? அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. அடுத்த நாள் போய் "ஷிகமூ" சொன்னேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு "மரஹபா" என்றார். அன்றைக்கே வகுப்புக்குத் திரும்பிவிட்டேன்.

இன்னொரு சொல் "ஹோடி". ஒரு வீட்டுக்குப் போனால் வெளியே நின்று "ஹோடி" என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து "கரிபு", அதாவது வாங்க, என்று சொல்லும் வரை வாசலிலேயே நிற்க வேண்டும். மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் திரும்பிப் போய்விட வேண்டும். மிஷனரிப் பயிற்சி பற்றி நான் படித்த புத்தகங்கள் எல்லாவற்றையும் விட இந்த ஒரு சொல்லில்தான் அதிகம் கற்றேன்.

இங்கே இருந்துகொண்டே வேற்றுக் கலாச்சாரப் பழக்கத்தை எப்படிப் பெறுவது?

இந்தக் கேள்விக்கு வேலூர்க்காரர்களைப் போல அதிர்ஷ்டசாலிகள் வேறு யாரும் இல்லை. சிஎம்சி பக்கத்துத் தெருக்களில் நடந்து பாருங்கள். லாட்ஜ் பலகையும் சாப்பாட்டுக் கடைப் பலகையும் வங்காளியில், இந்தியில். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள். மொழி தெரியாமல், ஆட்டோவுக்கு என்ன கூலி என்று தெரியாமல், கையில் ஃபைலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

என்னிடம் கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை இதுதான். ஒரு வருடம், வாரத்தில் ஒரு நாள் மாலை, அவர்களில் ஒரு குடும்பத்துக்குத் துணையாக இருங்கள். காட்பாடி ஸ்டேஷனில் டிக்கெட் எடுக்க உதவுங்கள். அவர்கள் சமைக்கும் மீன் குழம்பைக் கூப்பிட்டுக் கொடுத்தால் உட்கார்ந்து சாப்பிடுங்கள். வங்காளியில் நூறு சொல் கற்றுக்கொள்ளுங்கள். உதவி செய்கிறேன் என்று அவர்களிடம் பிரசங்கம் செய்யாதீர்கள். நோயில் இருப்பவரின் இயலாமையைப் பயன்படுத்துவது தவறு. அவர்களாகக் கேட்டால் உங்கள் விசுவாசத்தைச் சொல்லுங்கள். ஒரு வருடம் இதைச் செய்து சலிக்காதவர் எந்த நாட்டுக்கும் போகலாம். மூன்று வாரத்தில் நின்றுபோனவர்களும் உண்டு. விமானம் ஏறும் முன்பே தெரிந்தது அவர்களுக்கும் நல்லதுதான்.

மற்ற மதத்தவரிடம் எப்படிப் பேசுவது?

வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது, செயிண்ட் ஜான்ஸ் ஆலயம் இருக்கிறது. அந்த ஊரில் வளர்ந்த நமக்கு, பக்கத்து வீட்டுக்காரரின் சாமியைத் திட்டாமல் நம் விசுவாசத்தைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நான் நம்புவதை நான் மறைத்ததில்லை. ஏன் இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்டவர்களிடம் இயேசுவைப் பற்றிச் சொன்னேன். மருந்துக்குப் பதிலாக ஜெபத்தை விற்றதில்லை, ஜெபத்துக்குப் பதிலாக அரிசி கொடுத்ததும் இல்லை.

சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா?

வட ஆற்காட்டுக்காரர்களுக்குக் கவலை வேண்டாம். அங்கே தினசரிச் சாப்பாடு உகாளி, மக்காச்சோள மாவில் கிண்டிய களி. கேழ்வரகுக் களி தின்று வளர்ந்த எனக்கு முதல் நாளே கையில் உருட்டத் தெரிந்தது. அதைப் பார்த்து சமையற்கட்டுப் பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். தொட்டுக்கொள்ள மச்சிச்சா. நம்ம தண்டுக்கீரை வகைதான்.

வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை. அம்மா அழுகிறாள். என்ன செய்வது?

என் அம்மாவும் அழுதாள். "உன்னைப் படிக்க வச்சது காட்டுக்கு அனுப்பவா?" என்று கேட்டாள். வசனத்தைக் காட்டி வாயை அடைக்கப் பார்த்தேன். அது தவறு, பெற்றவளிடம் வசனத்தால் சண்டை போடக் கூடாது.

அம்மாவின் பயத்தைப் பிரித்துப் பாருங்கள். என் அம்மாவுக்கு இருந்தது மூன்று பயம்: உடம்புக்கு ஏதாவது ஆகிவிடும், கல்யாணம் நடக்காது, தான் சாகும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். முதல் பயத்துக்குக் காப்பீட்டுத் தாளைக் காட்டினேன். அங்கே ஏற்கெனவே வேலை செய்த ஒரு கேரளத்து சிஸ்டரோடு போனில் பேச வைத்தேன். இரண்டாவதற்கு, இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் வரும்போது பேசலாம் என்றேன், பேசினோம், நடந்தது. மூன்றாவதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்றுதான் சொன்னேன். அன்று இரவு இருவரும் சேர்ந்து அழுதோம். மறுநாள் அவளே பெட்டி வாங்கப் போகலாம் என்றாள்.

அப்பா அம்மாவுக்கு நீங்கள் ஒரே ஆதரவு என்றால் கதை வேறு. அவர்களுக்கு ஒரு ஏற்பாடு செய்யாமல் போகாதீர்கள். காத்திருந்து போனவர்களைக் கடவுள் மறப்பதில்லை.

பணத்துக்கு என்ன வழி?

கடனோடு போகாதீர்கள். தங்கை கல்யாணக் கடன், கல்விக் கடன், வட்டிக்கு வாங்கியது எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள், அல்லது யார் கட்டுவார்கள் என்று எழுதிவையுங்கள். தாங்குகிறேன் என்று சொல்கிற சபைகளிடமும் குடும்பங்களிடமும் மாதம் எவ்வளவு, எத்தனை வருடம் என்று தெளிவாகப் பேசுங்கள். ஒரு பணக்காரர் மொத்தமாகக் கொடுப்பதை விட, முப்பது குடும்பம் சிறிது சிறிதாகக் கொடுப்பது உறுதி. அந்த முப்பது குடும்பமும் உங்களுக்காக ஜெபிக்கும். திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணத்தைத் தொடாமல் தனியாக வையுங்கள். வாங்கியதற்கு வருடா வருடம் கணக்கு அனுப்புங்கள்.

தனிமையை எப்படித் தாங்குவது?

வரும். கிறிஸ்துமஸ் இரவு வரும், பொங்கல் அன்று வரும். கரோல் போகும் சத்தம், காலை ஆறு மணிக்குக் கோலப்பொடி வாசனை, எல்லாம் ஞாபகம் வரும். வாரம் ஒருமுறை ஊரில் ஒருவரிடம் தமிழில் மனம்விட்டுப் பேசுங்கள். உள்ளூரில் ஒரு நண்பரைத் தேடிக்கொள்ளுங்கள், வெளிநாட்டு ஊழியர்களோடு மட்டும் சேர்ந்திருக்காதீர்கள். தூக்கம் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் இருந்தால் அது விசுவாசக் குறைவு அல்ல, டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம். எனக்கு மூன்றாவது வருடம் அப்படி ஆனது. சொன்னேன், மருந்து எடுத்தேன், சரியானது.

திரும்பி வந்த பிறகு?

இதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. அங்கே போய்ப் பழகுவதை விட இங்கே திரும்பிப் பழகுவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. சபையில் ஒரு ஞாயிறு சாட்சி சொல்லச் சொன்னார்கள், சால்வை போர்த்தினார்கள். அடுத்த ஞாயிறு எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவர்கள் மேல் தவறில்லை. ஆறு வருடத்தை யாரால் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கேட்க முடியும்?

போகும் முன்பே சில ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நர்சிங் பதிவு போன்றவை காலாவதியாகாமல் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். திரும்பியதும் மூன்று மாதமாவது ஓய்வு வேண்டும் என்று அமைப்போடு பேசிவையுங்கள். வந்த பிறகு காய்ச்சல் வந்தால் எந்த நாட்டில் இருந்தீர்கள் என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். உங்களைப் போல் போய்த் திரும்பிய ஒருவரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் கிடைக்கவில்லை என்றால் காட்பாடிக்கு வாருங்கள். என் வீட்டு வாசலில் காலிங் பெல் இருக்கிறது. ஆனால் விஷயம் தெரிந்த பிள்ளைகள் அதை அழுத்துவதில்லை, வெளியே நின்று "ஹோடி" என்கிறார்கள்.